இஸ்கந்தரிய்யாவில் ஒரு பகல்: ஒராபி பாஷாவும் ஒரு சொல்லும்

பத்தாம் வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கத் தொடங்கிப் பல வருடங்களாகிவிட்டன. "எகிப்தில் கலகம் செய்தமையால் ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். அவர் இலங்கை முஸ்லிம்களின் கல்வி வளர்ச்சிக்குத் துணைநின்றார்." இந்த இரண்டு வசனங்களையும் எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு வருடம் முன்வரிசையில் இருந்த மாணவியொருத்தி எழுந்து, "அவர்ட நாட்டுல அவர் செஞ்சது எப்படி சேர் கலகமாகும்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. "பரீட்சைக்கு அப்படித்தான் எழுத வேணும்" என்று சொல்லி அவளை இருக்கச் செய்தேன். அன்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்தக் கேள்வி பிறந்த ஊரிலேயே ஒரு பகலைக் கழிக்கும் வாய்ப்பு எதிர்பாராமல் வந்தது. எனது ராத்தாவின் மகன் மத்தியதரைக் கடலில் ஓடும் உல்லாசப் பயணக் கப்பலொன்றின் சமையற்கட்டில் வேலை செய்கிறான். ஊழியர்களின் உறவினருக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் ஒரு சீட்டை எனது பெயருக்கு எடுத்துவிட்டு, "மாமா, புத்தகத்துல படிப்பிக்கிறத ஒருதரம் கண்ணால வந்து பாருங்க" என்றான். விமானச் செலவையும் அவனே பொறுப்பெடுத்தான். கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறினேன். கிராமத்து வாத்தியார் ஒருவருக்குக் கப்பலின் ஆடம்பரம் எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பதை எழுதி வாசகரின் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. நேராக அலெக்ஸாந்திரியாவுக்கு, அரபு மக்கள் சொல்லும் இஸ்கந்தரிய்யாவுக்கு, வந்துவிடுகிறேன்.

கப்பல் காலை ஏழு மணிக்கு மேற்குத் துறைமுகத்தினுள் நுழைந்தது. பயணிகளில் அநேகர் பிரமிட்டுகளைப் பார்ப்பதற்காக இருநூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து கெய்ரோவுக்குப் போகும் பஸ்களில் ஏறினார்கள். நான் நகரிலேயே தங்கினேன். மாலை ஆறு மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்று மருமகன் மூன்று தடவை சொல்லி அனுப்பினான்.

துறைமுகத்தின் ஒரு பக்கத்தில் ராஸ் அத்தீன் அரண்மனை தெரிகிறது. 1952 ஜூலை 26ஆம் திகதி மன்னர் பாரூக் முடிதுறந்து, இந்த அரண்மனையிலிருந்துதான் கப்பலேறி நாட்டைவிட்டுப் போனார். அரண்மனை நிற்கும் இடம் ஒரு காலத்தில் கரையோடு சேராத தீவாக இருந்தது. கி.மு. 331இல் மகா அலெக்சாந்தர் இந்நகரை நிறுவிய பின்னர், பாரோஸ் என்ற அத்தீவையும் கரையையும் இணைத்து ஏழு 'ஸ்டேடியா' நீளமான ஓர் அணைப்பாதை கட்டப்பட்டது. காலப்போக்கில் அதன் இருபுறமும் மணல் சேர்ந்து, பாதை அகன்று நிலமாகியது. அதன்மேல்தான் துருக்கியர் காலத்துப் பழைய நகரம் எழுந்தது. இன்று நாம் நடந்து திரியும் தெருக்களில் பல, முன்னாளில் கடலாக இருந்த இடங்கள்.

முதலில் காயித்பாய் கோட்டைக்குப் போனேன். உலக அதிசயங்களில் ஒன்றெனப்பட்ட பாரோஸ் வெளிச்சவீடு கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் இவ்விடத்தில் நின்றது. பூமியதிர்ச்சிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தன. 1326இல் இப்னு பதூதா இங்கு வந்தபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் திரும்பி வந்தபோது உள்ளே நுழையவும் முடியாதபடி பாழடைந்திருந்ததாக எழுதுகிறார். மம்லூக் சுல்தான் காயித்பாய் 1477க்கும் 1479க்கும் இடையில் அதே அத்திவாரத்தில் இக்கோட்டையைக் கட்டினார். 1990களில் சுழியோடிகள் இதனருகே கடலடியில் பாரிய கற்பாளங்களைக் கண்டெடுத்தபோது, அவற்றுட் சில பழைய வெளிச்சவீட்டினுடையவை என ஆய்வாளர் கூறினர்.

இப்னு பதூதாவின் முதல் வருகையில் நமக்கு உறவான ஒரு செய்தியும் உண்டு. இந்நகரில் அவர் சந்தித்த புர்ஹானுத்தீன் என்ற பெரியார், நீர் இந்தியாவுக்கும் சிந்துவுக்கும் சீனாவுக்கும் போய் அங்குள்ள எனது சகோதரர்களைச் சந்திப்பீர், அவர்களுக்கு எனது ஸலாத்தைச் சொல்லும் என்ற கருத்தில் அவரிடம் சொன்னாராம். அதுவரை தூர தேசம் போகும் எண்ணமே தமக்கு இருக்கவில்லை என்கிறார் இப்னு பதூதா. அந்த விதை முளைத்து வளர்ந்த பயணத்தில்தான் அவர் 1344இல் இலங்கையில் இறங்கிப் பாவா ஆதம் மலைக்கு ஏறினார்.

தொடர்பு ஒருவழியானதல்ல. 1283இல் யாப்பகுவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு மன்னன், எகிப்தின் சுல்தான் கலாவூனிடம் வர்த்தக உறவு நாடித் தூதனுப்பினான். அத்தூதுக்குழுவின் தலைவர் ஹாஜி அபூ உஸ்மான் என்ற முஸ்லிம். நமது கறுவாவும் மாணிக்கமும் செங்கடல் வழியாக எகிப்துக்கு வந்து, இந்தத் துறைமுகத்திலிருந்து வெனிஸ் வணிகரின் கப்பல்களில் ஏறிய காலம் அது.

கோட்டையிலிருந்து கடற்கரை வீதியால் தெற்கே நடந்தால் அபுல் அப்பாஸ் அல்முர்ஸி பள்ளிவாசல் வருகிறது. அன்தலூஸின் முர்ஸியா நகரில் பிறந்து, ஷாதுலிய்யா தரீக்காவின் ஸ்தாபகர் இமாம் அபுல் ஹஸன் ஷாதுலியின் சீடராகி, இந்நகரில் வாழ்ந்து 1287இல் மறைந்தவர் முர்ஸி. இன்றுள்ள பள்ளிவாசல் 20ஆம் நூற்றாண்டில் மாரியோ ரொஸி என்ற இத்தாலியக் கட்டிடக் கலைஞரின் திட்டத்தில் எழுந்தது. அதற்கு முன்னால் இமாம் பூஸிரியின் பள்ளிவாசல். கஸீதத்துல் புர்தாவை யாத்த அதே பூஸிரிதான்!

அவ்விடத்தில் நான் சற்று நேரம் பேச்சற்று நின்றேன். இந்த நகரம் எங்கே இருக்கிறது என்று எனது உம்மும்மாவுக்குத் தெரியாது. ஆனால் புர்தாவின் பைத்துக்கள் அவவுக்கு மனப்பாடம். ரபீஉல் அவ்வல் மாதத்து இரவுகளில் தைக்காவிலிருந்து எழும் அந்த ஓசையோடுதான் எங்கள் சிறுபராயம் கழிந்தது. ஷாதுலிய்யா ராத்திபு இன்றும் நமது ஊர்கள் பலவற்றில் நடக்கிறது. நான் முதன்முறையாக வந்திறங்கிய ஊர், எனக்கு முன்னரே எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தது.

பகல் பன்னிரண்டு மணியளவில் மன்ஷிய்யா சதுக்கத்தை அடைந்தேன். நடுவே குதிரைமீது முகம்மது அலி பாஷாவின் வெண்கலச் சிலை. 1873இல் நிறுவப்பட்டது. ஓரமாகப் புனித மாற்கு ஆங்கிலிக்கன் தேவாலயம். வாகன இரைச்சலும் துணிக்கடைக்காரரின் கூவலும். அடுத்தாற்போலுள்ள திடலுக்கு ஒராபியின் பெயர். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. நான் கரும்பலகையில் எழுதிய மனிதரின் பெயரை அவரது மண் எழுதி வைத்திருக்கிறது.

கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது பாடநூல்களில் அதற்கு இடமில்லை.

அஹ்மத் ஒராபி 1841இல் நைல் கழிமுகத்தின் ஸகாஸீக் நகருக்கருகிலுள்ள ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ஊரின் ஷெய்க். சில காலம் அல்அஸ்ஹரில் ஓதினார். பின்னர் படையில் சேர்ந்து இளவயதிலேயே லெப்டினன்ட் கேர்ணல் வரை உயர்ந்தார். அதற்குமேல் பதவி உயர்வு துருக்கிய, செர்க்கேசிய வம்சத்து அதிகாரிகளுக்கே ஒதுக்கப்பட்டது. மண்ணின் மைந்தருக்குக் கதவு அடைபட்டது.

இதே காலத்தில் நாடு கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் எகிப்தின் பருத்திக்கு நல்ல விலை கிடைத்தது. அந்த வருமானத்தை நம்பி கெதிவ் இஸ்மாயில் ரயில் பாதை, கால்வாய், அரண்மனை, நாடகசாலை எனக் கடன்பட்டுக் கட்டினார். 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. பருத்தி விலை விழுந்தபோது வட்டி கட்டவும் வழியில்லை. 1875இல் கால்வாய்க் கம்பனியில் தமக்கிருந்த பங்குகளை நாற்பது இலட்சம் பவுணுக்குப் பிரித்தானியாவுக்கு விற்றார். 1876இல் எகிப்தின் வருமானத்தைக் கடன்கொடுத்தோரின் ஆணைக்குழு மேற்பார்வை செய்யத் தொடங்கியது. 1879இல் இஸ்மாயில் நீக்கப்பட்டு, மகன் தவ்பீக் பதவிக்கு வந்தார். கடனடைப்பதற்காகப் படையினரின் எண்ணிக்கையும் சம்பளமும் வெட்டப்பட்டன. 2022இல் வங்குரோத்தை அறிவித்த நாட்டில் வாழும் நமக்கு இந்த வரலாற்றை விளங்கிக்கொள்ள அகராதி தேவையில்லை.

1881 செப்டெம்பர் 9ஆம் திகதி ஒராபி தமது படையினருடன் கெய்ரோ அப்தீன் அரண்மனையின் முன் சென்று நின்றார். அமைச்சரவையை மாற்ற வேண்டும், மக்கள் பிரதிநிதிகள் சபையைக் கூட்ட வேண்டும், படையின் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும் என்பன கோரிக்கைகள். ஒரு துளி இரத்தம் சிந்தப்படவில்லை. கெதிவ் இணங்கினார். 'எகிப்து எகிப்தியருக்கே' என்ற முழக்கம் நாடெங்கும் கேட்டது. 1882 பெப்ரவரியில் கவிஞரும் படைத்தலைவருமான மஹ்மூத் ஸாமி அல்பாரூதி பிரதமரானார். ஒராபி யுத்த அமைச்சரானார்.

கடன்கொடுத்தோருக்கு இது பொறுக்கவில்லை. மே மாதத்தில் பிரித்தானிய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் அலெக்ஸாந்திரியாவின் கடலில் நங்கூரமிட்டன. ஜூன் 11ஆம் திகதி மோல்டாத் தீவினன் ஒருவனுக்கும் எகிப்தியக் கழுதைக்காரன் ஒருவனுக்கும் கூலி தொடர்பாக எழுந்த தகராறு கலவரமாக வெடித்தது. ஐம்பதளவில் ஐரோப்பியரும் எகிப்தியர் பலரும் மாண்டனர். நகரின் கோட்டைகளைச் சீர்செய்வதை நிறுத்தும்படி பிரித்தானிய அட்மிரல் சீமோர் இறுதி எச்சரிக்கை விடுத்தார். தமது நாட்டின் கோட்டையைத் தாம் திருத்துவது குற்றமெனப்பட்டது. பிரெஞ்சுக் கப்பல்கள் ஒதுங்கிக்கொண்டன. 1882 ஜூலை 11 காலை ஏழு மணிக்கு முதல் பீரங்கி வெடித்தது. அன்று காலை நான் வந்திறங்கியதும் ஏழு மணிக்குத்தான். அன்று மாலை வரை குண்டுமாரி ஓயவில்லை. நான் பார்த்துவிட்டு வந்த காயித்பாய் கோட்டையின் சுவர்களும் அதில் சிதைந்தன. படைகள் பின்வாங்க, நகரம் தீப்பற்றியது. தீ வைத்தது யார் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இந்த மன்ஷிய்யா சதுக்கத்தைச் சுற்றியிருந்த மாளிகைகள் கருகிக் கற்குவியல்களாயின. வெண்கலச் சிலையும் தேவாலயமும் தப்பின. இக்குண்டுவீச்சைக் கண்டித்து, பிரித்தானிய அமைச்சரவையிலிருந்தே ஜோன் பிரைட் பதவி விலகினார் என்பதையும் நீதிக்காகச் சொல்லியாக வேண்டும்.

ஒராபி நகருக்கு வெளியே கப்ருத் தவ்வாரில் அரண் அமைத்து வழிமறித்தார். அந்தப் பக்கத்தால் பிரித்தானியப் படை முன்னேற முடியவில்லை. எஞ்சியிருந்தது சுயஸ் கால்வாய் வழி. அதை அடைத்துவிட ஒராபியின் ஆட்கள் வற்புறுத்தினர். கால்வாய் நடுநிலையானது, அதனூடாகப் படை வராது என்று அதைக் கட்டிய பிரெஞ்சுக்காரர் டி லெஸப்ஸ் உறுதியளித்தார். ஒராபி அந்த வார்த்தையை நம்பித் தாமதித்தார். ஓகஸ்ட் மாதத்தில் பிரித்தானியக் கப்பல்கள் கால்வாயினூடாகவே வந்து இஸ்மாயிலிய்யாவில் படையை இறக்கின. செப்டெம்பர் 13ஆம் திகதி, விடிவதற்கு முன், தல்லுல் கபீரில் எல்லாம் முடிந்தது. தற்காலிகமானது என்று சொல்லி நுழைந்த பிரித்தானியப் படையின் கடைசிச் சிப்பாய் எகிப்தைவிட்டுப் போக 1956 ஜூன் ஆகியது. எழுபத்து நான்கு வருடங்கள்!

அதற்கு அடுத்த மாதம், 1956 ஜூலை 26 இரவு, ஜமால் அப்துல் நாஸர் இதே மன்ஷிய்யா சதுக்கத்தில், பருத்திச் சந்தைக் கட்டிடத்தின் மாடத்தில் நின்று, சுயஸ் கால்வாய் தேசியமயமாக்கப்பட்டதை அறிவித்தார். அக்கட்டிடம் இன்று இல்லை. உரையில் குறித்த ஒரு பெயரைக் கேட்டதும் கால்வாய்க் கம்பனியின் அலுவலகங்களைக் கைப்பற்ற வேண்டும் என்று தமது ஆட்களுக்கு அவர் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெயர் டி லெஸப்ஸ். ஒராபி எந்தப் பெயரை நம்பி நாட்டை இழந்தாரோ, அந்தப் பெயரே கால்வாயை மீட்கும் குறிச்சொல்லாகியது.

லுஹரைத் தொழுதுவிட்டு நபி தானியால் தெருவுக்கு வந்தேன். பழைய புத்தகக் கடைகள் வரிசையாக உள்ள தெரு. ஒரு கடையின் முதியவர் எனது முகத்தைப் பார்த்து எந்த ஊர் என்றார். மத்ரஸாவில் ஓதிய அரைகுறை அரபில் "ஸரன்தீப்" என்றேன். அவரது முகம் மலர்ந்தது. "ஒராபி! பாரூதி!" என்று இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி, பிளாஸ்திக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுத் தேநீர் வரவழைத்தார். எகிப்தில் இன்று விளையும் மாம்பழத்தை ஒராபிதான் உங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்தார் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு என்றும் சொன்னார்.

எனது மாணவியின் கேள்வியை அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு இரண்டு விரல்களைக் காட்டினார். "எனது பாட்டனார் காலத்தில் அதற்கு 'ஹவ்ஜத் ஒராபி' என்று பெயர். ஹவ்ஜா என்றால் குழப்பம், களேபரம். எனது காலத்தில் பள்ளிக்கூடத்தில் 'அஸ்ஸவ்றத்துல் ஒராபிய்யா' என்று படித்தோம். ஸவ்றா என்றால் புரட்சி. மனிதர் ஒருவர்தான், உஸ்தாத். ஆட்சி மாறியது, சொல்லும் மாறியது."

நான் ஒரு வருடமாகத் தேடிய விடை அந்தத் தேநீர்க் குவளைக்குள் கிடந்தது. 'கலகம்' என்ற சொல் நாம் ஆராய்ந்து தேர்ந்ததல்ல. பீரங்கியோடு வந்தவர்கள் எழுதிய அறிக்கையிலிருந்து நமது பாடக்குறிப்புக்கு அப்படியே இறங்கி வந்தது. சுதந்திரம் பெற்றுப் பல தசாப்தங்களாகியும் நான் அதைக் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

நேரம் இருந்ததால் புதிய அலெக்ஸாந்திரியா நூலகத்தையும் பார்த்தேன். 2002 ஒக்டோபரில் திறந்து வைக்கப்பட்டது. கடலை நோக்கிச் சாய்ந்த வட்டத் தகடு போன்ற அதன் கூரையின் விட்டம் 160 மீற்றர். வெளிச்சுவரின் கருங்கல்லில் உலகின் 120 எழுத்துவகைகளிலிருந்து எழுத்துக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பழைய நூலகத்தைக் கலீபா உமர் (ரழி) அவர்களின் கட்டளைப்படி முஸ்லிம்கள் எரித்தனர் என்ற கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். கி.மு. 48இல் யூலியஸ் சீசரின் போரில் நூல்கள் தீக்கிரையாகின. கி.பி. 391இல் செராப்பியம் ஆலயம் அழிக்கப்பட்டது. அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) இந்நகருக்குள் வந்தது அதற்கும் இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து. உமர் மீதான கதையோ அதன்பின்னும் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தே எழுத்தில் தலைகாட்டுகிறது. ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பனே அதை நம்பவில்லை. ஆனாலும் கதை சாகவில்லை. ஒரு வசனத்தை ஒருமுறை எழுதிவிட்டால் அதைத் திருத்துவது எவ்வளவு சிரமம் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

ஒராபிக்கு 1882 டிசம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, உடனேயே நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. வில்பிரிட் பிளன்ட் என்ற ஆங்கிலக் கவிஞர் அவருக்காகப் பணம் சேர்த்து வழக்கறிஞர்களை அமர்த்தியிருந்தார். அதே மாதத்தில்தான் இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். ஒராபி, பாரூதி உட்பட ஏழு பாஷாக்களும் குடும்பத்தவரும் ஏறிவந்த கப்பலின் பெயர் 'மரியோட்டிஸ்'. இந்நகரின் பின்புறத்துள்ள ஏரியின் பெயர் அது. தமது நாட்டு ஏரியின் பெயரைத் தாங்கிய கப்பலே அவர்களை நாட்டிலிருந்து பிரித்தது. 1883 ஜனவரி 10ஆம் திகதி கப்பல் கொழும்பை அடைந்தபோது முஸ்லிம்கள் திரளாகக் கூடி வரவேற்றார்கள்.

அதற்குப் பின்னுள்ளது நாம் அறிந்தது. சித்திலெப்பையோடும் வாப்பிச்சி மரிக்காரோடும் சேர்ந்த முயற்சிகள், 1892இல் மருதானையில் தொடங்கிய ஸாஹிராக் கல்லூரி, நமது பெரியவர்களின் தலைக்கு வந்த துருக்கித் தொப்பி. அந்தத் தொப்பிக்காக 1905இல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் நடத்திய போராட்டமும் இதன் தொடர்ச்சியே. 1885இல் வெளிவந்த நமது முதல் நாவலான சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' எகிப்தைத் தொட்டு எழுந்ததும் தற்செயலல்ல.

ஆனால் நாம் எழுதாத பக்கம் ஒன்றுண்டு. அது அவர்களுடைய துயரம். நமக்கு வரமாக வந்தவர்களுக்கு இந்த நாடு சிறை. ஏழு பேரில் மூவர் இலங்கை மண்ணிலேயே மௌத்தானார்கள். பாரூதி ஸரன்தீபில் இருந்து பிரிவுத்துயர்க் கவிதைகளை எழுதிக் குவித்தார். நவீன அரபுக் கவிதையின் முன்னோடியெனப்படும் அவர், கண்பார்வை மங்கிய நிலையில் 1899இல்தான் நாடு திரும்பினார். ஒராபிக்கு 1901இல் மன்னிப்புக் கிடைத்தது. பதினெட்டு வருடங்களுக்குப் பின் ஊர் போனவரை ஊர் அணைத்துக்கொள்ளவில்லை. புதிய தலைமுறைத் தேசியவாதிகள் நாட்டை அந்நியரிடம் பறிகொடுத்தவர் என்று அவரை ஏசினர். பெருங்கவிஞர் அஹ்மத் ஷவ்கியே அவரை ஏளனம் செய்து கவிதை எழுதினார். 1911இல் கெய்ரோவில் அவர் மறைந்தபோது 'ஹவ்ஜா' என்ற சொல் இன்னும் மாறியிருக்கவில்லை.

இதை எழுதும்போது எனது வாப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. மன்னார்த் தீவின் கரையிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கினோம். நாங்கள் எந்தக் கலகமும் செய்யவில்லை. வாப்பா படகில் கரையைப் பார்த்தபடியே நின்றார், உம்மா ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்தபின் வாப்பா ஊருக்குப் போனார். வளவில் காடு. தெருவில் அறியாத முகங்கள். "நீங்க யாருட ஆள்?" என்று தமது சொந்தத் தெருவிலேயே கேட்கப்பட்டதாகச் சொன்னார். மூன்றாம் நாள் புத்தளத்துக்குத் திரும்பியவர் பின்னர் ஊர்ப் பேச்சே எடுக்கவில்லை. அவரது கபுறும் இங்கேதான். கேள்வி கேட்ட அந்த மாணவியும் எங்களைப் போல இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் பேத்தி என்பதை எப்படி நான் மறந்தேன்? அவள் ஒராபியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. விரட்டப்பட்டவர்களின் பக்கத்தில் நின்று வரலாற்றைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள். நான் பரீட்சையைக் காட்டி அவளை உட்காரச் செய்தேன்.

மாலை ஐந்தரைக்குக் கப்பலுக்கு வந்தேன். மருமகன் வாசலிலேயே காத்து நின்றான். "என்ன மாமா, பிரமிட் பாக்காம வந்துட்டீங்களே?" என்றான். "தேவையில்ல மகன். நான் ஒரு சொல்லத் தேடி வந்தேன். கிடைச்சிட்டுது" என்றேன். அவனுக்கு விளங்கியிருக்காது. கப்பல் நகரத் தொடங்கியபோது காயித்பாய் கோட்டையில் கடைசி வெயில் விழுந்துகொண்டிருந்தது. மேற்தட்டில் நின்று கரை மறையும் வரை பார்த்தேன். எனக்கு நாளை ஒரு கரை உண்டு, அதன்பின் வீடும் உண்டு என்ற நிச்சயத்தோடு கடலிலிருந்து கரையைப் பார்த்தது என் வாழ்வில் அதுவே முதல் தடவை.

பாடசாலை திறந்த முதல் வாரத்தில் கரும்பலகையில் அந்த வசனத்தைப் புதிதாக எழுதினேன்: "தமது நாட்டு மக்களின் உரிமைக்காக எழுந்த அஹ்மத் ஒராபி, அந்நிய ஆக்கிரமிப்பினால் தோற்கடிக்கப்பட்டு, 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார்." அதன் கீழே, இவரது எழுச்சியைக் கலகம் என்று அழைத்தவர் யார், புரட்சி என்று அழைத்தவர் யார், ஏன் என்ற கேள்வியையும் எழுதினேன். பரீட்சையில் வராத கேள்விதான். மாணவர்கள் ஒரு பாடவேளை முழுவதும் விவாதித்தார்கள். கேள்வி கேட்ட மாணவி உயர்தரம் படிக்கப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள். அவளது வீட்டுக்குப் போய் விடையைச் சொல்லிவிட்டு வந்தேன்.

கண்டியில் ஒராபி பாஷா வாழ்ந்த வீடு 1983 முதல் நினைவு நிலையமாக இருக்கிறது. நமது ஊர்களிலிருந்து கண்டிக்குச் சுற்றுலா போகும் பாடசாலைப் பிள்ளைகள் பூந்தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அடுத்த வருடம் எங்கள் பஸ் அந்த வீட்டு வாசலிலும் நிற்கும், இன்ஷா அல்லாஹ்.